மேட் அலமாரியின் சாவி

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு,

நம் பல்கலைக்கழக வேதியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். குனிந்து நிமிர்ந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்கிற நிலையில், இருபத்தேழு வயதில் டேக்வாண்டோ குழுவில் வெள்ளை பெல்ட்டாகச் சேர்ந்தவள்.

சென்ற வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். "கராத்தே குழுவினர் கவனத்திற்கு" என்று அது தொடங்குகிறது. அது போகட்டும். நாங்கள் பழகுவது கராத்தே இல்லை, கொரியாக்காரர்களுடையது என்று வாட்ச்மேன் அண்ணனுக்கே இன்னும் விளக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். வருத்தம் அடுத்த வரியில். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்கள் மட்டுமே உள்ளரங்கையும் அதில் விரிக்கும் மேட்டையும் பயன்படுத்தலாமாம். மற்றவர்கள் வெளியே சிமெண்ட் தளத்தில் பழகிக்கொள்ள வேண்டுமாம். நீந்தத் தெரிந்தவன்தான் குளத்தில் இறங்கலாம் என்றால், நீச்சலை எங்கே போய்க் கற்பது ஐயா?

தரையில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். டோல்யோ சாகி என்று ஓர் உதை, காலைச் சுழற்றிப் பக்கவாட்டில் அடிப்பது. வேடிக்கை பார்ப்பவர்கள் உதைக்கிற காலைப் பார்ப்பார்கள். எங்கள் மாஸ்டர் ஊன்றிய காலைத்தான் பார்ப்பார். குதிகால் லேசாக எழும்பி, முன்பாதத்தின் மேல் அந்தக் கால் திரும்ப வேண்டும். அப்போதுதான் இடுப்பு திறக்கும். மேட்டில் வெறுங்கால் தானாகத் திரும்பிவிடும். சொரசொரத்த சிமெண்ட் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு மட்டும் சுழலும், முறுக்கு முழுவதும் முட்டியில் போய் இறங்கும். திங்கட்கிழமை முதலாண்டு மாணவி ஒருத்திக்குப் பெருவிரலுக்கு அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்துவிட்டது. ஷூ போட்டுக்கொள்ளுங்கள் என்றார் அலுவலகத்தில் ஒருவர். ஷூ இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்.

சியோலில் 1988இல் காட்சிப் போட்டியாக இருந்து, 2000இல் சிட்னியில் ஒலிம்பிக் பதக்க விளையாட்டானது டேக்வாண்டோ. பல்கலைக்கழகம் பதக்கம் எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் எங்கள் 31 பேரில் போட்டிக்குப் போனவர்கள் 4 பேர்தான். நால்வரும் நாலு எடைப்பிரிவு. அவர்களுக்குக் கிக் பேட் பிடிப்பது யார்? நாங்கள்தான். எங்களை வெளியே அனுப்பிவிட்டால் அவர்கள் காற்றைத்தான் உதைக்க வேண்டும். அந்த நால்வரும்கூட, எந்தக் காலை முன்னே வைப்பது என்று தெரியாமல் கடைசி வரிசையில் விழித்துக்கொண்டு நின்றவர்களே.

நான் போட்டிக்கெல்லாம் போகப் போவதில்லை. தேகுக் இல் ஜாங் என்னும் முதல் பூம்சேயில் 18 அசைவுகள். எதிரே ஆள் கிடையாது. தடுப்பதும் குத்துவதும் உதைப்பதும் மனத்துக்குள் இருக்கும் எதிராளியை. பதினான்காவதில் எனக்கு இன்னும் கால் தடுமாறுகிறது. நாள் முழுக்க ஆய்வகத்தில் குடுவைகளோடு நின்றுவிட்டு வந்து, "ஹனா, துல், செட்" என்று மாஸ்டர் எண்ணத் தொடங்கியதும் தலைக்குள் இருக்கும் இரைச்சல் அடங்குகிறதே, அதற்காக வருகிறேன். அதற்குச் சான்றிதழ் கிடையாது. உங்கள் ஆண்டறிக்கையிலும் அதற்கு இடமிருக்காது.

புது மேட் கேட்கவில்லை. எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர், 64 துண்டுகள், நல்ல நிலையில் இருக்கின்றன. விரிக்க 12 நிமிடம், எடுத்து அடுக்க 10 நிமிடம். இரண்டையும் நாங்களே செய்வோம், துடைத்தும் வைப்போம். அலமாரிச் சாவி உடற்கல்வி அலுவலகத்தில் மூன்றாவது ஆணியில் தொங்குகிறது. மாலை 6 மணிக்கு அதை எங்களிடம் தரச் சொல்லுங்கள்.

தங்கள்,
ஆய்வு மாணவி ஒருத்தி
(இப்போது மஞ்சள் பெல்ட்)