மழைச் செய்தி குப்பம் வரை போகட்டும்



கத்திரி வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே இப்படியொரு வரியும் செய்தியில் வரத் தொடங்கிவிடும்: வட தமிழகக் கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை, மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் பலத்த காற்று. காலையில் அதைக் கேட்டுவிட்டுக் குடையோடு கிளம்புகிறோம். தரமணியில் ஒரு சொட்டு விழாது. பூந்தமல்லியில் வெளுத்து வாங்கியதாக இரவில் யாராவது சொல்வார்கள். வானிலைக்காரர்கள் சொன்னது எப்போது நடந்தது என்று ஒரு சலிப்பு வரும். அந்தச் சலிப்பு நல்லதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

நம் கரையில் கோடை மழை உருவாகும் விதமே தனி. வெயில் ஏற ஏறத் தரை கொதிக்கிறது, கடல் அவ்வளவு சூடாவதில்லை. நண்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே நுழைகிறது. மேற்கிலிருந்து தரைக்காற்று வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் முட்டும் இடத்தில் ஈரக்காற்று மேலே கிளம்பி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு இடிமேகமாக நின்றுவிடும். அறிக்கைகளில் வெப்பச்சலனம் என்று வருவது இதைத்தான். வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் பிற்பகலில் பிறக்கும் இந்த மேகங்கள், மேலே வீசும் மேற்குக் காற்றின் தயவில் இரவு ஏழு எட்டு மணிக்கு மேல் சென்னையை எட்டும். வழியிலேயே கரைந்தும் போகும். மேகம் சிறியது, அதன் ஆயுளும் சிறியது. எந்தத் தெருவில் பெய்யும் என்று காலையிலேயே சொல்ல உலகில் யாராலும் முடியாது. 'ஓரிரு இடங்களில்' என்றால் மழைமானிகளில் கால்பங்குக்கு மேல் நனையாது என்று கணக்கு. நம் தலையில் விழாததால் அறிக்கை பொய்யாகிவிடாது.

எனக்கு மழையைவிட அதற்கு முன்னால் வரும் காற்றைப் பற்றித்தான் கவலை அதிகம். மேகத்தின் அடியில் மழைத்துளிகள் ஆவியாகிக் காற்றைக் குளிர வைக்கின்றன. குளிர்ந்து கனத்த காற்று தடாலென்று தரையில் இறங்கி நாலாபக்கமும் பாய்கிறது. கிளை முறிவதும், தகரம் பறப்பதும், சிறு படகு தடுமாறுவதும் முதல் துளி விழுவதற்கு முன்பேகூட நடந்துவிடும்.

கோடை மழைதானே என்று லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. 1996 ஜூன் 14 அன்று மீனம்பாக்கத்தில் ஒரே நாளில் பதிவானது ஏறக்குறைய 35 செ.மீ. ஐப்பசியில்கூட அபூர்வமாகப் பார்க்கும் அளவு அது. 2010 மே மாதம் லைலா புயல் ஆந்திரக் கரை நோக்கிப் போகிற போக்கில் நம்மையும் நனைத்தது. 2023 ஜூன் 18 இரவு தொடங்கிய மழை, விடிவதற்குள் மீனம்பாக்கத்தில் சுமார் 16 செ.மீ. கொட்டியது, மறுநாள் சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். சென்னைக்கு மழை என்றால் ஐப்பசி கார்த்திகைதான் என்று நினைக்கிறோம். ஆனால் ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை, பெரும்பாலும் இப்படி மாலையிலும் இரவிலும் வரும் இடிமழையாகவே கிடைக்கிறது.

நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் எழுந்த ஆண்டு 1792. இந்த மழையைக் கண்காணிக்க, இன்று அங்கே கல்லூரிச் சாலையில் இருக்கும் மண்டல வானிலை ஆய்வு மையத்துக்குத் துறைமுகத்து ரேடாரும் பள்ளிக்கரணை ரேடாரும் கண்கள். அடுத்த மூன்று மணி நேரத்துக்கு எந்தெந்த மாவட்டத்தில் மழை என்று உடனுக்குடன் சொல்கிறார்கள். கோடையில் நாம் கேட்க வேண்டியது அந்த மூன்று மணி நேர அறிவிப்பைத்தான். காலை அறிக்கை எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது, மாலை அறிவிப்பு எப்போது உள்ளே போக வேண்டும் என்று சொல்கிறது.

ஆனால் இந்த அறிவிப்பு யாருக்கு அவசரமோ அவர்கள் கையில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்குத்தான். ஊரூர் குப்பம், கொட்டிவாக்கம், நீலாங்கரை, கோவளம் கரைகளில் ஃபைபர் படகுகள் அப்போதும் கடலுக்குப் போகின்றன. கச்சான் காற்று அடிக்கும் நாளில் கடல் எப்படியிருக்கும் என்பது அந்த மீனவர்களுக்குத் தலைமுறை அறிவு. மேற்கே எழுபது கிலோமீட்டர் தள்ளி வளரும் இடிமேகத்தைக் காட்டுவது ரேடார். இரண்டும் ஒரே கரையில் சந்திக்க வேண்டும்.

அப்படிச் சந்தித்த ஒரு கதை நம் தரமணியோடு சேர்ந்தது. இங்குள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998இல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவ கிராமத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வலையை எடுக்கலாமா வேண்டாமா என்று கடற்கரையில் நின்றபடியே கேட்டு முடிவு செய்ய முடிந்தது. அதே ஏற்பாடு நல்லவாடு கிராமத்திலும் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். தகவல் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் கூவினார்கள். ஊரே மேட்டுக்கு ஓடிப் பிழைத்தது. அந்த ஒலிபெருக்கி மட்டும் இல்லையென்றால், வந்த செய்தி ஒரு வீட்டோடு நின்றிருக்கும்.

இன்று நம் எல்லோர் கையிலும் ஃபோன் இருக்கிறது. மின்னல் எச்சரிக்கைக்குத் 'தாமினி' செயலி இருக்கிறது. அவசரத்துக்கு 1070, 1077 எண்கள் இருக்கின்றன. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மூன்று மணி நேரத்தில் காற்றும் மழையும் என்ற செய்தி வந்தால், உங்கள் குடும்பக் குழுவுக்கு அனுப்பியதோடு நிறுத்திவிடாதீர்கள். தெருமுனை இளநீர்க் கடை அக்காவிடம், எதிரே சாரத்தில் வேலை செய்யும் கட்டடத் தொழிலாளியிடம், மரத்தடியில் வண்டியை நிறுத்திக் காத்திருக்கும் டெலிவரித் தம்பியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கடற்கரையோரம் வசிக்கும் வாசகர்கள், உங்கள் குப்பத்துப் பெரியவர்கள் காற்றையும் வானத்தையும் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் அவர்கள் சொன்னபடியே வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்