புழக்கடையில் தக்காளி

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, கூட்டுறவுத் துறையின் பண்ணைப் பசுமைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கவேண்டியதாயிற்று. வேறு பருவங்களில் பறிகூலிக்கும் கட்டாமல் அதே பழம் வீதியில் கொட்டப்படுவதை அங்கத்தினர்கள் அறிவார்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் அல்லலுறும் நெசவாளர் குடும்பம் புழக்கடையில் ஆறு செடிகளேனும் வைத்துக்கொள்ளலாகாதா? பயிரிடும் அங்கத்தினர்கள் அஞ்சவேண்டியதில்லை. ஆறு செடி சந்தையைக் கவிழ்த்துவிடாது.

பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 ரகம் நமக்கு ஏற்றது. 25 நாள் நாற்றை இரண்டடி இடைவிட்டு நட்டு, குச்சி ஊன்றிக் கட்டவேண்டும். நீர் அளவாக விடுக; வாடிய செடிக்குத் திடீரென மிகுதியாக விட்டால் பழம் வெடிக்கும். சித்திரை வெயிலில் பூ உதிருமாதலால் அப்பருவத்தைத் தவிர்ப்பது நலம். சாயம் அலசிய தண்ணீரை ஊற்றவே கூடாது. நொய்யல் பட்ட பாட்டை ஊத்துக்குளியாருக்கு எடுத்துச் சொல்லவேண்டுமா?

பறிப்பதில்தான் வீட்டுச் செடியின் மேன்மை விளங்குகிறது. தொலைவுக்கு அனுப்புவோர் நன்கு பழுக்குமுன்பே பறித்தாகவேண்டும். நாமோ செடியிலேயே சிவக்கவிட்டு, உலை வைத்தபின் பறிக்கலாம். அந்தச் சுவை கடைப்பழத்துக்கு இல்லை.

நெசவாளர் சங்கங்கள் பாவும் ஊடையும் வழங்கும் நாளில், விவசாய அங்கத்தினர்களிடம் நாற்று வாங்கி, வீட்டுக்கு ஆறாகக் கொடுத்துக் கூலியில் பிடித்துக்கொள்ளலாம். அடுத்த பொதுக்குழுவில் யாரேனும் இதை எழுப்புவார்களாக.