'எக்ஸ்' பற்றி புத்தகம் எழுதலாமா? சொந்தக் கதை, சொந்த வெளியீடு... சட்டம் என்ன சொல்கிறது?

டேட்டிங் ஆப்பில் அறிமுகம், சில மாதப் பழக்கம், அப்புறம் திடீரென ஒருநாள் பதிலே வராத மெசேஜ்கள். நண்பர்களிடம் புலம்பிவிட்டு கடந்து போகிறவர்கள் ஒரு ரகம். "இதை எழுதியே தீரணும்" என்று உட்காருகிறவர்கள் இன்னொரு ரகம். பதிப்பாளரைத் தேடி அலைய வேண்டிய அவசியமும் இப்போது இல்லை. போனிலேயே தட்டி முடித்த கதையைக்கூட மின்னூலாக வெளியிட்டுவிடலாம்.

ஆனால், காதல் கதையில் ஒருவர் மட்டும் இருப்பதில்லையே? எழுதுகிறவர் தன் கதையைச் சொல்ல முடிவெடுத்துவிட்டார். எழுதப்படுகிறவரிடம் யார் கேட்டது? சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வெளியிடுவது எவ்வளவு ஈஸி?

அமேசானின் கிண்டில் சுயவெளியீட்டுத் தளத்தில் 2016 டிசம்பர் முதல் தமிழ் மின்னூல்களையும் வெளியிட முடிகிறது. பதிவேற்றக் கட்டணம் கிடையாது. தேர்வு செய்யும் திட்டத்தைப் பொறுத்து எழுத்தாளருக்கு 35% அல்லது 70% ராயல்டி. அச்சுப் புத்தகம் போட நினைத்தால், அதற்கான ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே வழங்குகிறது.

இந்த வழியில் உலகப் புகழ் பெற்றவர்களும் உண்டு. பஞ்சாபில் பிறந்து கனடாவில் வளர்ந்த ரூபி கவுர், காதல், முறிவு, பெண் உடல் மீதான வன்முறை ஆகியவற்றைப் பேசும் 'மில்க் அண்ட் ஹனி' கவிதை நூலை 2014-ல் தானேதான் வெளியிட்டார். அதன் பிறகே பதிப்பகம் தேடி வந்தது. பல லட்சம் பிரதிகள் விற்றன.

ஆண் எழுதினால்... பெண் எழுதினால்...

இதே சுயவெளியீட்டுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அமெரிக்காவின் ரூஷ் வி என்பவர் நாடு நாடாகப் போய், அங்குள்ள பெண்களை எப்படி 'மடக்குவது' என்று தன் அனுபவத்தை வைத்து வரிசையாகப் புத்தகம் போட்டார். அந்தப் பெண்களுக்குப் புத்தகத்தில் குரலே கிடையாது. ஐஸ்லாந்து பற்றிய அவரது புத்தகத்துக்கு அந்நாட்டு பெண்ணியவாதிகள் கடும் எதிர்ப்பு தெரிவித்தனர். 2018-ல் அவரது சில புத்தகங்களை அமேசான் நீக்கியது. பின்னர் மதநம்பிக்கைக்குத் திரும்பிய அவர், மீதியைத் தானே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்.

பெண் எழுதும்போது வருகிற கேள்வியே வேறு. 1973-ல் மலையாளத்தில் கமலா தாஸின் 'என்டெ கதா' புத்தகமாக வந்தபோது, அவர் எப்படி எழுதினார் என்பதைவிட, இதெல்லாம் நிஜமாக நடந்ததா என்பதே பெரிய பேச்சானது. ஆண் எழுதினால் அனுபவம், பெண் எழுதினால் ஒழுக்கம் என்ற அளவுகோல் இன்றைய கமென்ட் பாக்ஸ் வரை மாறவில்லை.

"உண்மையைத்தானே எழுதினேன்?"

பலரும் சறுக்கும் இடம் இது. இதற்கான முக்கியத் தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலிருந்தே வந்தது. சிறையில் ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிட முயன்ற விவகாரத்தில், 1994-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதன்படி, பொது ஆவணங்களில் உள்ளதை யாருடைய அனுமதியும் இல்லாமல் வெளியிடலாம். புத்தகம் வெளிவரும் முன்பே அரசு தடுக்க முடியாது. ஆனால் ஒருவரின் திருமணம், குடும்பம் போன்ற அந்தரங்க விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் எழுதினால், அது உண்மையாக இருந்தாலும் தனியுரிமை மீறல் ஆகலாம். இழப்பீடு கேட்டு வழக்கு வரலாம்.

அவதூறு என்பது தனிக் கணக்கு. பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை தண்டனை உண்டு. அங்கேயும் உண்மை என்பது மட்டும் போதாது. அதை வெளியிட்டது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும்.

துன்புறுத்தலைச் சொன்னால்?

இங்கே நிலைமை வேறு. முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே.அக்பர் தொடர்ந்த அவதூறு வழக்கில், பத்திரிகையாளர் பிரியா ரமணியை 2021 பிப்ரவரி 17-ல் டெல்லி நீதிமன்றம் விடுவித்தது. பெண்ணின் கண்ணியத்தை விலையாகக் கொடுத்து ஒருவரின் நற்பெயரைக் காக்க முடியாது, பல ஆண்டுகள் கழித்தும் ஒரு பெண் தனக்கு நேர்ந்ததைச் சொல்லலாம் என்றது நீதிமன்றம். இதை எதிர்த்து அக்பர் மேல்முறையீடு செய்தார்.

ஆனால் தோழிக்கு நடந்த பாலியல் குற்றத்தை எழுதும்போது கவனம் தேவை. பாதிக்கப்பட்டவரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவரது அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்.

பெயரை மாத்திட்டா போதுமா?

போதாது. 'ரமேஷ்' 'சுரேஷ்' ஆகலாம். ஆனால் அதே ஆபீஸ், அதே தெரு, அதே பைக் இருந்தால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆள் அடையாளம் தெரிந்தாலே வழக்குக்கு வாய்ப்பு உண்டு. புனைபெயரில் எழுதினாலும் எழுதியவரின் பொறுப்பு போய்விடாது.

வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்? அவர் அனுப்பிய நீண்ட காதல் மெசேஜ் உங்கள் போனில் இருந்தாலும், அந்த எழுத்தின் காப்புரிமை எழுதியவருக்கே. அந்தரங்கப் படங்களைப் போடுவது நேரடியாகவே குற்றம்.

அப்போ எழுதவே கூடாதா?

தாராளமாக எழுதலாம். உங்களுக்கு என்ன நடந்தது, என்ன வலித்தது, எங்கே நீங்களும் தப்பு செய்தீர்கள் என்பதெல்லாம் உங்கள் சொத்து. அவரது நோய், குடும்பச் சண்டை, படுக்கையறை ரகசியம் ஆகியவை அப்படி இல்லை.

பெரிய பதிப்பகம் என்றால் எடிட்டர் ஒருமுறை படிப்பார், தேவைப்பட்டால் வழக்கறிஞரும் படிப்பார். சுயவெளியீட்டில் அந்த இரண்டு ஜோடிக் கண்களும் இல்லை. அதனால் 'பப்ளிஷ்' பட்டனை அழுத்தும் முன், கோபம் தணிந்த ஒரு நாளில், உங்கள் பக்கம் சாயாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அதைவிட முக்கியம், உங்களைப் பற்றி அவர் இப்படி ஒரு புத்தகம் எழுதினால் எந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் புத்தகத்தில் முதலில் திருத்த வேண்டியது அந்தப் பக்கம்தான்.