கூரை சம்பாதிக்கிறது!

வீட்டைக் கட்டிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள்? அதிலும், கரியமில வாயுவைச் சேர்க்காத வீடு என்றால் 'அது பணக்காரர் சமாசாரம்' என்று ஒதுங்கிவிடுகிறோம்.

வேல்ஸ் நாட்டில், பிரிட்ஜெண்ட் என்ற ஊருக்கு அருகே, கார்டிஃப் பல்கலைக் கழகத்தார் 2015-ல் இந்தப் பேச்சைப் பொய்யாக்கினார்கள். மூன்று படுக்கையறை வீடு. 16 வாரத்தில் வேலை முடிந்தது. செலவு 1,25,000 பவுன். சூட்சுமம் கூரையில்தான்! ஓடு வேய்ந்து, அதன்மேல் சூரிய மின்தகடும் பதித்தால் இரட்டைச் செலவு அல்லவா? இவர்கள் தெற்குப் பக்கத்தில் தகட்டையே கூரையாகப் போட்டுவிட்டார்கள். குளிர் காலத்தில் 100 பவுனுக்கு மின்சாரம் வாங்கினால், வெயில் காலத்தில் 175 பவுனுக்கு விற்கலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

வேடிக்கையைக் கேளுங்கள். பக்கத்து இங்கிலாந்தில், 2016 முதல் புது வீடுகளெல்லாம் கரியமில வாயுவைச் சேர்க்காதவையாக இருக்க வேண்டும் என்று ஒரு திட்டம் இருந்தது. கட்டுகிறவர்களுக்குச் சுமை குறையட்டும் என்று அரசாங்கம் அதைக் கைவிட்டது 2015 ஜூலையில். இந்த வீட்டைத் திறந்ததும் அதே மாதம்தான்!

கட்டுகிறவர் செலவு ஒரு தடவை. குடியிருப்பவர் செலவு மாதா மாதம். எந்தக் கணக்கை முதலில் பார்ப்பது என்று ஒரு குடும்பத் தலைவியைக் கேட்டிருக்கலாம்.