மேலே கூட்ஸ் வண்டி, கீழே தண்ணீர்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் பழைய வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தார். நெடுஞ்சாலைக்கு மேலே இரும்புப் பாலம். அதன்மேல் கரி எஞ்சின் இழுத்துக்கொண்டு போகும் கூட்ஸ் வண்டி. "இந்த மாதிரிப் பாலம் இனி யார் கட்டப் போகிறார்கள்?" என்று கீழே எழுதியிருந்தார். குழுவில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நான் போடவில்லை.

கூட்ஸ் வண்டி எனக்கும் பிடித்ததுதான். பெரம்பலூருக்கு அன்றும் ரயில் இல்லை, இன்றும் இல்லை. அங்கே குமாஸ்தாவாக இருந்த காலத்தில் ரயில் ஏற வேண்டுமென்றால் அரியலூருக்கு பஸ் பிடித்துப் போவோம். மீட்டர் கேஜ் நாட்கள். ஒய்.ஜி. எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். வேகன்களை எண்ணிக்கொண்டே நிற்பேன். கடைசியில் கார்டு பெட்டி போகும்வரை நகர மாட்டேன். அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பாலம் என்றால் அசையாது என்று அரியலூர்ப் பக்கத்துக்காரர்கள் நாம் சொல்லலாமா?

1956 நவம்பர் 23, விடியற்காலை. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. 140 பேருக்கு மேல் மாண்டார்கள். எனக்கு அப்போது ஏழு வயது, காரைக்காலில் இருந்தோம். அப்பா பேப்பரைப் படித்துவிட்டு, யாரிடமும் பேசாமல் மடித்து வைத்தது நினைவிருக்கிறது.

ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டு மகபூப்நகர் விபத்துக்கே ராஜினாமா கொடுத்தவர். நேரு அப்போது ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி அந்தப் பாலத்தைக் கட்டியவரும் இல்லை, அந்த வண்டியை ஓட்டியவரும் இல்லை. ஆனாலும் பொறுப்பு தன்னுடையது என்று நின்றார். அந்தக் காலத்தில் கும்பிட வேண்டியது இதைத்தான். இரும்பையும் கல்லையும் அல்ல.

இப்போது நம் ஊர்களுக்கு வருவோம். ஆளில்லாத ரயில்வே கேட்டுகளை அகலப்பாதையில் 2019-க்குள் ஒழித்துவிட்டார்கள். நல்ல காரியம். எத்தனையோ உயிர் பிழைத்தது. ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பதிலாக வந்தது சுரங்கப்பாதை. வீடியோவில் பார்த்த பாலத்தில் ரயில் மேலே ஏறிப் போகிறது, சாலை தரையிலேயே கிடக்கிறது. இங்கே தண்டவாளம் இருந்த இடத்திலேயே இருக்க, சாலையைப் பள்ளத்தில் இறக்கினார்கள். பள்ளத்தைத் தேடி ஓடுவது தண்ணீரின் குணம். இது தெரிய எஞ்சினீயர் படிப்பு வேண்டாம்.

2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஒரு பெண் டாக்டர் இறந்தார். ஆற்று வெள்ளம் அல்ல, சாலையில் நின்ற தண்ணீர்.

"மழை கொட்டினால் யார் என்ன செய்ய முடியும்?" என்பார்கள். மோட்டார் வைக்கலாம். அதற்கு டீசல் போடலாம். வடிகாலைத் தூர்வாரலாம். ஒரு ஆளை நிறுத்திப் பாதையை அடைக்கலாம். இதையெல்லாம் யார் செய்வது என்பதில்தான் தகராறு. ரயில்வேயைக் கேட்டால் ஊராட்சி என்பார்கள். ஊராட்சியைக் கேட்டால் நெடுஞ்சாலை என்பார்கள்.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. சர்வீஸில் இருந்தபோது, ரயில் பாலத்தடியில் தண்ணீர் நிற்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போக முடியவில்லை என்று ஒரு கிராமத்து மனு என் மேஜைக்கு வந்தது. "இப்பொருள் இவ்வலுவலகத்தைச் சார்ந்ததல்ல" என்று நானே குறிப்பு எழுதி, மேலே அனுப்பினேன். விதிப்படி சரியான குறிப்பு. அந்த மனு பிறகு எங்கே போனது என்று நான் கேட்கவே இல்லை. இன்று வெட்கமாக இருக்கிறது.

நான் பிரெஞ்சில் படித்தவன். பிரான்சில் 1747-ல் தொடங்கிய பொறியியல் பள்ளிக்கு 'போன் ஏ ஷொஸே' என்று பெயர். 'பாலங்களும் சாலைகளும்' என்று அர்த்தம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். நம் ஊரில் பாலம் ஒரு ஆபீஸ், சாலை ஒரு ஆபீஸ். தண்ணீருக்கு ஆபீஸே இல்லை.

எந்த மந்திரியும் ராஜினாமா செய்ய வேண்டாம். நான் கேட்பது ஒரு தகரப் பலகை. ஒவ்வொரு சுரங்கப்பாதை வாசலிலும் மோட்டாருக்குப் பொறுப்பான ஒரே அதிகாரியின் பதவி, போன் நம்பர், இத்தனை அடிக்கு மேல் தண்ணீர் ஏறினால் போகக்கூடாது என்று சுவரில் சிவப்புக் கோடு. இவ்வளவுதான். இதற்கு நிதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஐப்பசி மழைக்கு முன்னால் உங்கள் ஊர் சுரங்கப்பாதையை ஒரு தடவை போய்ப் பாருங்கள். பலகை இல்லையென்றால் மனு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன். எந்த ஆபீஸுக்கு அனுப்பினால் திரும்பி வரும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆகவே மூன்று ஆபீஸுக்கும் சேர்த்தே அனுப்புவோம்.