கார்ட்டரின் மனித உரிமைத் தராசு

அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பர் 29-ந் தேதி தமது நூறாவது வயதில் காலமானபோது, மனித உரிமைக் காவலர் என்று பலரும் புகழ்ந்தார்கள். இறந்தவரைப் பழிப்பது நம் வழக்கமல்ல. ஆனால் அவர் பதவி வகித்த 1977 முதல் 1981 வரையிலான கணக்கைப் புரட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

மனித உரிமை என்று ஓயாமல் உபதேசம் செய்தே ஈரான் மன்னர் ஷாவைக் கவிழ்த்துவிட்டார் என்று அவர்மீது ஒரு பழைய புகார் உண்டு. பின்னால் ரீகன் அரசில் ஐ.நா. தூதராக இருந்த ஜீன் கர்க்பாட்ரிக் அம்மையார் 1979-லேயே இந்தப் பாணியில் எழுதினார். எனக்கு இது ஒப்பவில்லை.

நடந்தது என்ன? 1977 டிசம்பர் 31-ந் தேதி இரவு டெஹ்ரானில் விருந்து. ஷாவின் ரகசியப் போலீசான 'சவாக்' செய்த சித்திரவதைகள் ஊரறிந்த விஷயம். அந்த விருந்தில் கார்ட்டர் எழுந்து, ஈரானை அமைதி குலையாத தீவு என்று பாராட்டினார். மனித உரிமையில் இரு நாட்டுத் தலைவர்களுக்கும் ஆழ்ந்த அக்கறை என்று நற்சான்றும் கொடுத்தார். மறுநாள் டில்லி வந்தார். குர்கான் பக்கம் அவர் போன கிராமத்துக்குக் கார்ட்டர்புரி என்று பெயரே சூட்டிவிட்டார்கள், நம்மவர்கள்!

1978 செப்டம்பர் 8-ந் தேதி டெஹ்ரான் ஜாலே சதுக்கத்தில் ராணுவம் சுட்டதில் பலர் மாண்டனர். இரண்டு நாள் கழித்து கார்ட்டர் டெலிபோனில் பேசினார். யாரிடம்? ஷாவிடம், ஆதரவு தெரிவிக்க! 1979 ஜனவரியில் ஷா நாட்டை விட்டே போனார். இதில் உபதேசம் எங்கே வந்தது?

அர்ஜென்டினா ராணுவ ஆட்சிக்கு அவர் உதவியைக் குறைத்தது உண்மை. சிறைப்பட்ட பத்திரிகை ஆசிரியர் ஜாக்கோபோ டிமர்மன் 1979-ல் உயிரோடு வெளியே வந்ததில் அவருக்குப் பங்குண்டு. அதை மறுக்கவில்லை. எங்கள் பார்சல் ஆபீசில் பெரிய வியாபாரி மூட்டைக்கும் கூலிக்காரர் டிரங்குப் பெட்டிக்கும் ஒரே தராசுதான். கார்ட்டரிடம் இரண்டு இருந்தன.

கம்போடியாவைப் பாருங்கள். போல்பாட் கூட்டத்தை உலகிலேயே மனித உரிமையை மோசமாக மீறுபவர்கள் என்று 1978 ஏப்ரலில் சொன்னவர் அவரே. 1979-ல் வியட்நாம் படை அவர்களை விரட்டியது. வியட்நாமுக்குப் பின்னால் ரஷ்யா. அமெரிக்காவின் புதுச் சினேகிதன் சீனாவோ போல்பாட் பக்கம். அந்த ஆண்டு ஐ.நா. சபையில் கம்போடியாவின் நாற்காலி யாருக்கு என்று ஓட்டெடுத்தபோது, அமெரிக்கா போல்பாட் தரப்புக்கே ஓட்டுப் போட்டது. 1980-லும் அதே ஓட்டுத்தான்.