காவல் நிலையத்தில் கவுன்சிலருக்கு என்ன வேலை?

நாட்டின் பெருநகரங்களில் வாடிக்கையாகிவிட்ட காட்சி ஒன்று உண்டு. பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்போ, சங்கிலிப் பறிப்புகள் சில நடந்து செய்தித்தாளில் வந்த பின்போ, காவல் நிலைய அதிகாரி வார்டு கவுன்சிலர்களையும் வட்டாரப் பிரமுகர்களையும் அழைத்துக் கூட்டம் நடத்துகிறார். தேநீரும் பிஸ்கட்டும் வருகின்றன. சென்ற ஆண்டைவிடக் குற்றங்கள் குறைந்துள்ளன என்று அதிகாரி ஒரு தாளைப் பார்த்து வாசிக்கிறார். கவுன்சிலர்கள் கூடுதல் ரோந்து கேட்கிறார்கள். அதிகாரி அவர்களது வார்டு நிதியிலிருந்து கூடுதல் கேமரா கேட்கிறார். நடைபாதைக் கடைகளை அகற்ற வேண்டும் என்கிறார் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர். அந்த ஒன்றில் மட்டும் அவையில் இருப்போர் அனைவருக்கும் உடனடி உடன்பாடு. புகைப்படம் எடுத்தவுடன் கூட்டம் கலைகிறது. மறுநாள் ‘மக்கள் பங்கேற்புடன் காவல் பணி’ என்ற தலைப்பில் செய்தி வருகிறது.

அந்த அறையில் இல்லாதவர்கள் யார் என்று எந்தச் செய்தியும் எழுதுவதில்லை. அகற்றப்பட வேண்டிய கடையின் சொந்தக்காரர் அங்கே இல்லை. சரிபார்க்கப்பட வேண்டிய ‘வெளியூர் வாடகைதாரர்’ அங்கே இல்லை. இரவுப் பணி முடிந்து இருட்டில் நடந்து வரும் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளி அங்கே இல்லை. திருட்டுக் கொடுத்தவர்களே பெரும்பாலும் இவர்கள்தாம். ஆனால் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவர்கள் சந்தேகத்துக்குரியவர்களாகவே இடம் பெறுகிறார்கள்.

அதிகாரி வாசிக்கும் தாளையே எடுத்துக்கொள்ளலாம். அதில் இருப்பது நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அன்று, பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. புகாரை வாங்க மறுத்தால் குற்றம் குறையும். இந்த வித்தையை நாடு முழுவதும் ஏழைகள் அறிவார்கள். கைப்பேசி பறிபோனவரிடம் ‘தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடு’ என்று சொல்லப்படுவது அவர்களுக்குப் புதிதன்று. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அந்தத் தீர்ப்பின் கதவில் ஓர் ஓட்டை போட்டிருக்கிறது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், உயரதிகாரியின் அனுமதியுடன், பதிவுக்கு முன்பே பதினான்கு நாள் ‘முதற்கட்ட விசாரணை’ நடத்தலாம் என்கிறது 173ஆவது பிரிவு. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நாடாளுமன்றத் தொடரில் நிறைவேறிய சட்டம் இது. தேநீர்க் கூட்டத்தில் அமரும் கவுன்சிலர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கே இருக்கிறது: இந்த மாதம் எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை பதிவாயின, எத்தனை பதினான்கு நாள் வரிசையில் நிற்கின்றன? இந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. கேமராக் கணக்கே கேட்கப்படுகிறது.

ஏன் கேட்கப்படுவதில்லை? கேட்டாலும் பதில் சொல்லும் கடமை அதிகாரிக்கு இல்லை. 74ஆவது அரசியல் சாசனத் திருத்தம் தந்த பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்குரிய பதினெட்டுப் பொருள்கள் உள்ளன. தெருவிளக்கு இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது, ஆட்டுத் தொட்டி இருக்கிறது, காவல் இல்லை. மக்களின் அன்றாட வாழ்வில் வாரத்துக்கு ஒருமுறையேனும் குறுக்கிடும் அரசாங்கத்தின் கை எதுவோ, அதுவே மக்களுக்கு மிக அருகில் உள்ள அவைக்கு எட்டாத தொலைவில் வைக்கப்பட்டுள்ளது.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. இங்கிலாந்தின் நகரங்களில் 1835ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம், காவலர்களை நியமிக்கும் அதிகாரத்தைக் கவுன்சிலர்கள் கொண்ட கண்காணிப்புக் குழுவிடம் கொடுத்தது. அதே ஆங்கிலேய ஆட்சி, 1857 எழுச்சியை ரத்தத்தில் மூழ்கடித்த பின், 1861இல் இந்தியாவுக்குக் காவல் சட்டம் எழுதியபோது அந்த மாதிரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அயர்லாந்தை அடக்கி வைக்க உருவாக்கிய படையின் மாதிரியைத் தேர்ந்தது. மக்களிடமிருந்து விலகி, மாவட்ட ஆட்சியாளருக்கு மட்டும் கட்டுப்பட்ட படை. சுதந்திரம் வந்தது, குடியரசு வந்தது, உள்ளாட்சித் திருத்தம் வந்தது. அந்த விலகல் மட்டும் அப்படியே நிற்கிறது.

தலைநகர் தில்லியில் இந்த முரண் உச்சத்தில் உள்ளது. 239ஏஏ பிரிவின்படி பொது ஒழுங்கு, காவல், நிலம் ஆகிய மூன்றும் தில்லி சட்டமன்றத்தின் கைக்கு அப்பாற்பட்டவை. காவல்துறை ஒன்றிய உள்துறையின் கீழ் இயங்குகிறது. ஆக, தில்லியின் 250 கவுன்சிலர்களும் மட்டுமல்லர், சட்டமன்ற உறுப்பினர்களும் முதலமைச்சரும்கூடக் காவல் நிலைய வாசலில் மனுதாரர்களே. ஆனால் ஒருங்கிணைப்பு தேவைப்படும்போது அது எவ்வளவு விரைவாகக் கூடிவருகிறது என்பதை 2022 ஏப்ரலில் ஜஹாங்கீர்புரி காட்டியது. 16ஆம் தேதி ஊர்வல மோதல். பாஜகவின் மாநிலத் தலைவர் மேயருக்குக் கடிதம். 20ஆம் தேதி காலை புல்டோசர்களும் அவற்றைச் சூழக் காவல் படையும். கலந்தாலோசனைக் கூட்டம் எதுவும் தேவைப்படவில்லை. உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகும் இடிப்பு தொடர்ந்தது. பிருந்தா காரத் உத்தரவைக் கையில் பிடித்து இயந்திரத்தின் முன் நின்ற பிறகே நின்றது. நகராட்சியும் காவல்துறையும் இணைந்து செயல்பட முடியாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். யாருக்கு எதிராக இணைகின்றன என்பதே கேள்வி.

‘கவுன்சிலர்கள் தலையிட்டால் காவல் பணி அரசியலாகிவிடும்’ என்பது ஓய்வுபெற்ற அதிகாரிகள் தொலைக்காட்சியில் தவறாமல் ஓதும் மந்திரம். அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆளுங்கட்சிக் கவுன்சிலர் ஒருவர் கையில் நிலையம் சிக்கினால் அது அவருடைய கந்துவட்டிக்குக் காவல் நிற்கும். அதனால்தான் பிவண்டியின் அனுபவம் கூர்ந்து படிக்கத் தக்கது.

மும்பைக்கு அருகே உள்ள விசைத்தறி நகரம் பிவண்டி. உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வந்த தறித் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழும் ஊர். 1970இலும் 1984இலும் மதக் கலவரத்தில் எரிந்த ஊர். 1988இல் அங்கே துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்டே மொஹல்லா குழுக்களை அமைத்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் சம அளவில். பிரமுகர்களுக்குப் பதில் தெருவில் அன்றாடம் வாழ்பவர்கள். குழாயடித் தகராறு முதல் ஊர்வலப் பாதை வரை அங்கே பேசப்பட்டது; காவலர்கள் கூட்டத்தை நடத்த வராமல் கூட்டத்தில் உட்கார வந்தார்கள். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் 900 பேர் கொல்லப்பட்டார்கள் என ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்தது. பிவண்டி அமைதியாக இருந்தது.

கவனிக்க வேண்டிய செய்தி, கோப்டே அந்தக் குழுக்களிலிருந்து அரசியல்வாதிகளை விலக்கியே வைத்தார் என்பது. இதை எடுத்துக்காட்டித்தான் ‘கவுன்சிலர்கள் வேண்டாம்’ என்கிறார்கள். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. நல்ல அதிகாரி ஒருவர் தம் விருப்பத்தால் கொடுத்ததை அடுத்த அதிகாரி தம் விருப்பத்தால் கைவிடலாம்; குழுவுக்குச் சட்டம் இல்லை, நிதி இல்லை, கேள்வி கேட்கும் உரிமை இல்லை. 2006 ஜூலையில் அதே பிவண்டியில் புதிய காவல் நிலையம் கட்டும் இடம் பற்றிய தகராறு முற்றி, துப்பாக்கிச் சூட்டில் இருவரும், பின்னர் கூட்டத்தின் கையில் காவலர் இருவரும் உயிரிழந்தனர். ஒரு காவல் நிலையத்தை எங்கே கட்டுவது என்பதைக்கூட மக்களோடு பேசி முடிக்கும் அமைப்பு, அந்த முன்மாதிரி ஊரிலேயே எஞ்சியிருக்கவில்லை.

ஆக, அதிகாரியின் நல்லெண்ணமும் போதாது, கவுன்சிலரின் செல்வாக்கும் ஆபத்து. எஞ்சுவது, சட்டத்தால் கட்டப்பட்ட, பல கட்சியினரும் உழைக்கும் மக்களின் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் அமரும் அவை. இது கனவு என்று ஒதுக்க முடியாது. ஆளும் வர்க்கத்தின் சொந்த ஆவணமே இதைப் பரிந்துரைத்திருக்கிறது. இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007இல் தந்த ஐந்தாவது அறிக்கை, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் மாநகரக் காவல் அதிகார அமைப்பை நிறுவச் சொன்னது. தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்கள் அதில் உறுப்பினர்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவரே தலைவர், ஆண்டுக் காவல் திட்டத்தை ஏற்பதும் பரிசீலிப்பதும் அதன் பணி. காங்கிரஸ் ஆட்சியும் பாஜக ஆட்சியும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த புகழ்பெற்ற வழிகாட்டுதல்களிலும் உள்ளாட்சிக்கு இடமில்லை. அமைச்சரிடமிருந்து அதிகாரியைக் காப்பாற்றும் கவலை அதில் நிரம்ப உண்டு. அதிகாரியிடமிருந்து தெருவோர வியாபாரியைக் காப்பாற்ற மாவட்டப் புகார் ஆணையத்தைச் சொன்னது, அதையும் மாநிலங்கள் பல அரைகுறையாகவே நிறைவேற்றின.

வியாபாரிகள் விஷயத்தில் வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் காவல்துறையின் பிரதிநிதி உட்கார வேண்டும். எதிரே நாற்பது சதவீத இடங்களில் வியாபாரிகள் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் உட்கார்கிறார்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உரிமச் சான்றுள்ளவரைக் காவலர் தடுக்கக் கூடாது என்கிறது 27ஆவது பிரிவு. இந்தச் சட்டம் இருக்கும் நாட்டில்தான், வியாபாரிகளையும் காவலாளிகளையும் காவல்துறையின் ‘கண்களும் காதுகளும்’ ஆக்கும் திட்டத்தைத் தில்லி காவல்துறை பெருமையுடன் அறிவித்தது. வாரந்தோறும் மாமூல் கொடுப்பவரே வேவும் சொல்ல வேண்டும். கண்ணும் காதும் ஆகலாம், வாய் ஆகக் கூடாது.

‘குடிமக்கள் ஒத்துழைப்பு’ எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழகத்தின் சான்று போதும். ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ என்ற பெயரில் பொறுப்பற்ற அதிகாரம் பெற்ற இளைஞர் அமைப்பு, 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்த பின் எழுந்த கொந்தளிப்பில் கலைக்கப்பட்டது. குருகிராமில் 2025 ஜூலையில் வங்காள மொழி பேசிய குப்பை பொறுக்கும் தொழிலாளர்களும் வீட்டு வேலைத் தொழிலாளர்களும் ‘சரிபார்ப்பு’ என்ற பெயரில் பிடித்துச் செல்லப்பட்டு அடைக்கப்பட்டனர். வாடகைதாரர் பட்டியல் கேட்கும் அதிகாரிக்கு ஒத்துழைக்கும் கவுன்சிலர் எந்தப் பட்டியலுக்குப் பெயர் தருகிறார் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இடதுசாரி அணிகளிலேயே இரு வேறு தவறுகள் உண்டு. காவல்துறை வர்க்க ஒடுக்குமுறைக் கருவி, அதனுடன் உட்கார்ந்து என்ன பயன் என்று சிலர் ஒதுங்குகிறார்கள். கருவி என்பது உண்மை. 1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். அமைச்சரவை அந்த உண்மையை அறிந்துதான், தொழிலாளர், விவசாயிகளின் நியாயமான போராட்டங்களை நசுக்கக் காவல்துறை பயன்படாது என்று கொள்கை அறிவித்தது. அரசு இயந்திரத்தை உடைக்க இயலாத நிலையிலும் அதன் கையைப் பிடித்து நிறுத்த முயன்றது. 1959 ஜூலை 31 அன்று அந்த அமைச்சரவை கலைக்கப்பட்டதற்கான காரணங்களில் இந்தத் துணிவும் ஒன்று. 2008இல் அதே மாநிலத்தில் இடது ஜனநாயக முன்னணி ஆட்சி தொடங்கிய ஜனமைத்ரி திட்டம் வீட்டுக்கு வீடு செல்லும் காவலரைத் தந்தது. ஆனால் அந்தக் குழுக்களிலும் அதிகாரியின் கையே ஓங்கியிருக்கிறது என்பதைச் சொல்லத் தயங்கக் கூடாது.

மற்றத் தவறு பரவலானது, இனிமையானது. கட்சியின் கவுன்சிலர் நிலையத்துக்குச் சென்று, பிடித்து வைக்கப்பட்ட ஏழை இளைஞனைச் சொல்லி விடுவிக்கிறார். அந்தக் குடும்பம் நன்றியோடு இருக்கிறது. தேவையான பணிதான், செய்யாமல் இருக்க முடியாது. ஆனால் விடுவிப்பது அதிகாரியின் சலுகையாகவும் கேட்பது கவுன்சிலரின் செல்வாக்காகவும் மாறிவிடுகிறது. நாளை அதிகாரி ஒரு சலுகையைத் திருப்பிக் கேட்பார். அந்த இளைஞன் ஏன் பிடிக்கப்பட்டான், குடும்பத்துக்கு ஏன் தகவல் இல்லை, சரித்திரப் பதிவேட்டில் அவன் பெயர் எப்படி ஏறியது என்ற கேள்விகள் அந்தத் தேநீரோடு கரைந்துவிடுகின்றன. பின்தங்கிய, பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் பெயர்கள் இயந்திரகதியில் இப்பதிவேடுகளில் ஏற்றப்படுவது பற்றி உச்ச நீதிமன்றமே 2024 மே மாதத்தில் எல்லா மாநிலங்களையும் எச்சரித்திருக்கும்போது, வார்டு கவுன்சிலருக்கு அதைக் கேட்கத் தயக்கம் ஏன்?

கேட்பதற்குச் சட்டப்படியான இடம் ஒன்று இப்போதே உண்டு. பெரும்பாலான மாமன்றங்களில் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தவும் குறைந்தது ஓராண்டுப் பதிவைப் பாதுகாக்கவும் உத்தரவிட்டது. சாத்தான்குளம் நிலையத்தில் பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கையாக அளித்த அதே ஆண்டு அது. அந்தத் தீர்ப்பு அமைக்கச் சொன்ன மாவட்ட மேற்பார்வைக் குழுவில் மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர் ஆகியோருடன் நகராட்சியின் மேயர் ஒருவரோ மாவட்ட ஊராட்சித் தலைவரோ உறுப்பினராக வேண்டும். புகாராக வராத மனித உரிமை மீறல் ஏதும் நடந்ததா என்று பதிவுகளைப் பார்த்து ஆராய்வதும் அக்குழுவின் பணி. 2025 செப்டம்பரில் கேமராக்கள் இயங்காதது பற்றி உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுக்க நேர்ந்ததிலிருந்து இந்தக் குழுக்கள் எவ்வளவு உறக்கத்தில் உள்ளன என்பது விளங்கும்.

தெருக்களில் கேமரா வைக்க வார்டு நிதி கேட்கும் அதிகாரியிடம், நிலையத்துக்குள் இருக்கும் கேமராவைப் பற்றி அடுத்த கூட்டத்தில் கேட்கலாம். இம்மாவட்டத்தின் மேற்பார்வைக் குழுவில் எந்த மேயர் இருக்கிறார், கடைசியாக எப்போது கூடியது, எந்த நிலையத்தின் எந்த நாள் பதிவைப் பார்த்தது என்று மாமன்றத்தில் எழுத்துமூலம் வினா கொடுக்கலாம். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க்கு அதே வினாவை அனுப்பலாம்.